காடும் ஏடும் கற்ற மா. கிருஷ்ணன்

ஐவகை நிலத்துக்கும் உரிய புள்ளையும் விலங்கையும் மரத்தையும் கருப்பொருள் என வகுத்து, அவற்றை அறியாமல் பாடுதல் தகாது என்று புலவர்க்கு நெறி காட்டியது தமிழ். அத்தகைய மொழியில், வாசலில் வந்தமரும் குருவிக்குப் பெயர் தெரியாத எழுத்தாளர்கள் இருபதாம் நூற்றாண்டில் பெருகினர். கவிதையில் பறவை வெறும் பறவையாகவும், மரம் வெறும் மரமாகவும் நின்றன. இந்த மறதியைத் தம் எழுத்தால் எதிர்த்து நின்றவர் மா. கிருஷ்ணன்.

இவர் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' தந்த அ. மாதவையாவின் எட்டு மக்களுள் இளையவர். குடும்பம் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தது. அந்நாளைய மயிலாப்பூர் புதர்க்காடு சூழ்ந்தது, பறவைகள் மிகுந்தது, நரிகள் திரிந்தது. சிறுவன் கிருஷ்ணன் கீரியொன்றை வளர்த்தான். வெளியே உயிர்களும் உள்ளே நூல்களும் அவனுக்கு ஒருசேரப் பாடம் சொல்லின. 1925ஆம் ஆண்டு அக்டோபரில், பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயப் பாடமாக வேண்டுமெனச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் வாதாடிவிட்டு அமர்ந்த மாதவையா, அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

1927இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். தாவரவியல் பேராசிரியர் ஃபைசன் அவரை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உடனழைத்துச் சென்றார். பேராசிரியரின் துணைவியார் நீர்வண்ண ஓவியம் பயிற்றினார். செடியின் இலையைக் கூர்ந்து நோக்கும் கண்ணும் அதை வரையும் கையும் அங்கே வாய்த்தன. ஆயினும் தேர்வுகளில் அவர் சிறக்கவில்லை. சட்டமும் பயின்றார், நிலையான பணி எளிதில் அமையவில்லை. சிறு பத்திரிகைகளுக்கு எழுதியும் படம் வரைந்தும் நாட்களைக் கடத்தினார்.

1942இல் பெல்லாரியை அடுத்த சந்தூர் சமஸ்தானம் அவரைப் பணிக்கு அழைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கே வகித்தார். ஆடு மேய்த்தார்; புறா வளர்த்தார்; ஓய்ந்த வேளைகளில் குன்றுகளில் அலைந்தார். நூல்கள் சொல்லித் தராதவற்றை இந்த அலைச்சல் சொல்லித் தந்தது.

1949இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. சென்னை திரும்பிய கிருஷ்ணனுக்கு வயது 37; மனைவியும் மகனும் உண்டு. மாதச் சம்பளம் தரும் வேலையை நாடாமல், எழுத்தையும் நிழற்படத்தையும் நம்பி வாழத் துணிந்தார். இயற்கையைப் பற்றி எழுதிப் பிழைப்பது அன்றைய நாளில் எவரும் நடந்து பாராத வழி. 1950இல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இருவாரத்துக்கு ஒருமுறை எழுதும் பத்தியைத் தொடங்கினார். 46 ஆண்டுகள் அது தொடர்ந்தது. யானையையும் புலியையும் மட்டும் அவர் எழுதவில்லை. காகம், அணில், பல்லி, தெருநாய் ஆகியவையும் அவர் பத்தியில் சரியாசனம் பெற்றன. காட்டுக்குச் செல்ல இயலாதவரும் தம் கொல்லையில் எதையேனும் காண முடியும் என்பதை அவ்வெழுத்து வாசகர்க்கு உணர்த்திற்று.

முதுமலையில் பழக்கிய யானையின் மீதமர்ந்து காட்டு யானைகளைப் படம் பிடித்தார். தாமே இணைத்துச் சீர்செய்த கருவியில் கறுப்பு வெள்ளைப் படங்களையே பெரிதும் எடுத்தார். 1968இல் நேரு நல்கை பெற்றுத் தென்னாட்டுப் பாலூட்டிகளை ஆராய்ந்தார். அதன் பயனான நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் வெளியிட்டது. பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தது. அயல்நாட்டு மரங்களை நட்டுச் சாலைகளை அழகுபடுத்துவதை அவர் கடுமையாக மறுத்தார். ஒரு நாட்டின் முகம் அதன் மண்ணுக்குரிய மரங்களாலும் உயிர்களாலுமே அமைகிறது என்பது அவர் துணிபு. இக்கொள்கையை யாருக்காகவும் அவர் தளர்த்தவில்லை.

ஆங்கிலத்தில் புகழ் பெற்றவர் தமிழை மறக்கவில்லை. பறவைகளையும் விலங்குகளையும் பற்றித் தமிழில் கட்டுரைகள் எழுதினார். மக்கள் வழங்கும் பெயர்களையே அவற்றில் ஆண்டார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்னும் துப்பறியும் புதினமும் அவர் படைப்பே. அவர் மறைவுக்குப் பின், சு. தியடோர் பாஸ்கரன் அத்தமிழ்க் கட்டுரைகளைத் தேடித் திரட்டி 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக்கினார். தொகுத்தவரும் தமிழில் காட்டுயிர் குறித்துத் தொடர்ந்து எழுதியவர். ஒருவர் ஏற்றிய விளக்கில் மற்றொருவர் திரி கொளுத்திக்கொண்டமைக்கு இது சான்று.

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் கிருஷ்ணன் தம் 83ஆம் வயதில் காலமானார். அன்றைய 'ஸ்டேட்ஸ்மன்' இதழிலும் அவர் பத்தி வந்திருந்தது. தந்தை தமிழுக்காகப் பேசி அமர்ந்தபோது மறைந்தார். மகன் இறுதி நாள்வரை எழுதி மறைந்தார்.

கவிஞர்க்கு அவர் வாழ்வு விட்டுச் சென்ற பாடம் எளியது. பாடுமுன் பார்க்க வேண்டும். பார்த்ததன் பெயரை அறிய வேண்டும். பெயர் மறைந்தபின் உயிர் மறைந்தாலும் அதைத் தேடுவார் இரார். குயிலென்றும் கொண்டலாத்தியென்றும் பிரித்தறியும் கவிஞன் ஒருவன் உள்ளவரை, அந்தப் பறவைகளுக்குத் தமிழில் ஓர் இடம் இருக்கும்.