டெர்பி வென்ற பிரெட் ஆர்ச்சர்

குதிரைப் பந்தயம் என்றதும் நம்மில் பலருக்குச் சூதாட்டமும், அதில் வீட்டையும் நிலத்தையும் இழந்தவர்களின் கதைகளுமே நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். பந்தயக் குதிரை ஒன்றைக்கூட நான் நேரில் கண்டதில்லை. ஆயினும், நம் கல்லூரி நூலகத்தில் விளையாட்டு நூல்கள் இருக்கும் மூலையில் ஒரு பழைய நூலைப் புரட்டியபோது, ஒட்டிய கன்னங்களும் சோகம் கப்பிய கண்களும் கொண்ட ஓர் இளைஞரின் படம் என்னை நிறுத்திவிட்டது. படத்தின் கீழே பிரெட் ஆர்ச்சர், 1857–1886 என்று இருந்தது. கழித்துப் பார்த்தேன்: இருபத்தொன்பது வயது. அன்று வகுப்புக்குத் தாமதமாகத்தான் போனேன்.

அவரை அறிய வேண்டுமானால் முதலில் டெர்பி பந்தயத்தை அறிய வேண்டும். இலண்டன் மாநகருக்குத் தெற்கே எப்சம் என்னும் ஊரின் மேட்டு நிலத்தில், 1780ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் முதன்முதலாக அது ஓடப்பட்டது. பந்தயத்துக்கு யார் பெயரை வைப்பது என்று பன்னிரண்டாவது டெர்பி பிரபுவும் அவர் நண்பர் சர் சார்லஸ் பன்பரியும் காசு சுண்டிப் பார்த்ததாகவும், டெர்பி பிரபு வென்றதாகவும் ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, முதல் பந்தயத்தில் வென்றது பன்பரியின் டயோமெட் என்னும் குதிரைதான். பெயர் ஒருவருக்கு, பரிசு மற்றவருக்கு! தொடக்கத்தில் ஒரு மைலாக இருந்த தூரம் 1784இல் ஒன்றரை மைல் ஆயிற்று. இதில் மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். ஆகவே எந்தக் குதிரைக்கும் வாழ்நாளில் ஒரே ஒரு டெர்பிதான். தவறவிட்டால் தவறவிட்டதுதான். நம்முடைய அரியர் தேர்வு போன்ற ஏற்பாடு அங்கே கிடையாது.

அந்த டெர்பியை ஐந்து முறை வென்றவர் ஆர்ச்சர். 1857 ஜனவரி 11இல் செல்ட்டன்ஹாம் நகரில் பிறந்தார். தந்தை வில்லியமும் ஒரு ஜாக்கிதான். தடைகளைத் தாண்டி ஓடும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை 1858இல் வென்றவர். பின்னாளில் ஒரு விடுதி நடத்திப் பிழைத்தார். மகனைப் பெரிதாகப் படிக்க வைக்கவில்லை. பதினோராவது வயதில், பந்தயக் குதிரைகளின் தலைநகரமான நியூமார்க்கெட்டில், மாத்யூ டாசன் என்னும் பயிற்சியாளரிடம் தொழில் பழக விட்டுவிட்டார். சேணம் துடைப்பதும் சாணம் அள்ளுவதும், விடியுமுன் குதிரைகளை ஓட்டிப் பழக்குவதுமாகப் பையனின் நாட்கள் கழிந்தன. படிப்பும் எழுத்தும் கடைசிவரை அவருக்குக் கைவரவில்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கையில் என் தந்தையார் நினைவு வந்தது. அவரும் பதினோராவது வயதில்தான் செங்கல் சூளைக்கு அனுப்பப்பட்டார். இன்றும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என்னைக் கூப்பிடுகிறார்.

1870இல் செஸ்டர்பீல்டில், அத்தால் டெய்சி என்ற குதிரையில் பையனின் முதல் முக்கிய வெற்றி கிடைத்தது. அடுத்த நான்கே ஆண்டுகளில், பதினேழு வயதில், அந்த ஆண்டின் மிக அதிக வெற்றிகள் பெற்ற ஜாக்கி ஆனார். அதன்பின் இறக்கும்வரை, தொடர்ந்து பதின்மூன்று ஆண்டுகள், அந்த இடத்தை வேறு எவருக்கும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மொத்தம் 8,084 பந்தயங்களில் ஓட்டி 2,748இல் வென்றார். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! 1885இல் மட்டும் 246 வெற்றிகள். அதை முறியடிக்க 1933இல் கார்டன் ரிச்சர்ட்ஸ் வர வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் ஆர்ச்சர் ஜாக்கிக்கு ஏற்ற உடல்வாகு கொண்டவர் அல்லர். உயரம் ஐந்தடி பத்து அங்குலம். குளிர்காலத்தில் பந்தயம் இல்லாதபோது வயிறார உண்டால் எடை எழுபது கிலோவை எட்டிவிடும். 1880இல் டெர்பியில் ஆண் குதிரை சுமக்க வேண்டிய எடையோ, சேணத்தையும் சேர்த்து, நம் கணக்கில் ஐம்பத்தைந்து கிலோதான். ஜாக்கி இலேசானவராக இருந்தால் கவலை இல்லை. சேணத்தில் ஈயத்தை வைத்துச் சரிக்கட்டிவிடுவார்கள். கூடுதலாக இருந்தால் எதை எடுத்துக் கழிப்பது? தம் உடம்பிலிருந்துதான் கழித்தார் ஆர்ச்சர். காலையில் ஒரு கரண்டி விளக்கெண்ணெய், அரைக் கிண்ணம் ஷாம்பெயின் மது, அவ்வளவே உணவு என்பார்கள். அதற்குமேல் துருக்கிய வெந்நீராவிக் குளியல். மருத்துவர் ஒருவர் அவருக்கென்றே கலந்து கொடுத்த பேதி மருந்து. விலங்கியல் மாணவன் என்ற முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த உயரத்துக்கு 54 கிலோ என்றால் உடல்நிறைக் குறியெண் 17. அதை நாம் ஊட்டக்குறைவு என்று பாடத்தில் படித்திருக்கிறோம்.

ஐம்பத்தைந்து கிலோ என்ற எண்ணைக் கண்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் திருவிழாக் கபடியில் 55 கிலோப் பிரிவு என்று ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கையில் நான் 57 இருந்தேன். இரண்டு நாள் எலுமிச்சைச் சாறும் வெந்நீரும்தான். உச்சி வெயிலில் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் ஓடினேன். தராசில் தேறினேன். களத்தில் முதல் ரெய்டிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்து, கோட்டைத் தொட முடியாமல் விழுந்தேன். அம்மா அன்று திட்டியதை இங்கே எழுத முடியாது. இரண்டு நாளைக்கே எனக்கு இந்தக் கதி என்றால், பத்தாண்டுக்கும் மேலாக அதையே வாழ்க்கையாகக் கொண்டவரை என்னவென்பது?

ஆர்ச்சரின் ஐந்து டெர்பி வெற்றிகளில் 1880ஆம் ஆண்டினதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. பந்தயத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு முலே எட்ரிஸ் என்ற முரட்டுக் குதிரை அவர் கையைக் கவ்விக் கிழித்துவிட்டது. காயம் ஆறவில்லை. கையை இறுகக் கட்டிக்கொண்டு, வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனின் பெண்ட் ஆர் மீது ஏறினார். கடைசிக் கட்டத்தில் வலியை மறந்து சாட்டையை எடுக்கப் போய், அதையும் நழுவவிட்டார். அப்படியும் ராபர்ட் தி டெவில் என்ற குதிரையை ஒரு தலை அளவில் முந்தினார். தோற்ற தரப்பினர், வென்றது பெண்ட் ஆர் அன்று, அதே பண்ணையில் பிறந்த டாட்காஸ்டர் என்ற குதிரை. குட்டிகளாக இருந்தபோதே இரண்டும் ஆள் மாறிவிட்டன என்று முறையிட்டனர். முறையீடு தள்ளப்பட்டது. ஆனால் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பின், இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள பெண்ட் ஆரின் எலும்பிலிருந்து, தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்டிரிய மரபணுவைப் பிரித்து ஆராய்ந்தார்கள். அது டாட்காஸ்டரின் தாய்வழியோடுதான் ஒத்துப்போயிற்று! குதிரையின் பெயர் எதுவானாலும் ஓட்டியவர் ஆர்ச்சர்தான், அதில் ஐயமில்லை.

மற்றவை 1877இல் சில்வியோ, 1881இல் அமெரிக்காவில் பிறந்து டெர்பி வென்ற முதல் குதிரையான ஈரோக்வா, 1885இல் மெல்ட்டன், 1886இல் ஆர்மண்ட்.

புகழும் பொருளும் குவிந்தன. பணத்தின்மேல் பற்று மிகுந்தவர் என்று அவரைக் கேலி பேசியவர்களும் உண்டு. அது எனக்குப் பெருங்குற்றமாகத் தோன்றவில்லை. பதினோரு வயதில் வேலைக்குப் போனவர் காசை எண்ணத்தான் செய்வார். 1883இல் தம் ஆசான் டாசனின் அண்ணன் தம்பி வழி மகளான ஹெலன் ரோஸை மணந்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பிறந்த ஆண் குழந்தை அன்றே இறந்தது. அதே 1884 நவம்பரில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுக் கொடுத்துவிட்டு ஹெலனும் கண்மூடினார். ஆர்ச்சர் சில மாதம் அமெரிக்கா சென்றிருந்துவிட்டுத் திரும்பி வந்து, முன்னிலும் வெறியோடு ஓட்டினார். அந்த 246 வெற்றிகள் அந்த ஆண்டில்தான்.

1886 அக்டோபர். கேம்பிரிட்ஜ்ஷயர் என்னும் பந்தயம் மட்டும் அவர் கைக்கு எட்டாமலே இருந்தது. இம்முறை செயின்ட் மிரின் என்ற குதிரை. சுமை எட்டு ஸ்டோன் ஆறு பவுண்டு, அதாவது ஐம்பத்து மூன்றரை கிலோ. மூன்று நாள் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாமல் கிடந்தார். அப்படியும் தராசு ஒரு பவுண்டு கூடுதலாகக் காட்டியது. அந்த ஒரு பவுண்டோடு ஓட்டி, ஒரு தலை அளவில் தோற்றார்.

பட்டினியால் நைந்த உடம்பில் குளிர் ஏறியது. பின் டைபாய்டு என்று தெரிந்தது. காய்ச்சலிலும் சில நாள் ஓட்டப் போனார். முடியாமல் நியூமார்க்கெட் திரும்பினார். நவம்பர் 8ஆம் நாள், மனைவி இறந்து இரண்டு ஆண்டு நிறைந்த அந்த வாரத்தில், காய்ச்சலின் மயக்கத்தில், தமக்கை அதே அறையில் இருக்கும்போதே, தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். நியூமார்க்கெட் கல்லறையில் மனைவியும் குழந்தையும் கிடந்த இடத்திலேயே அவரையும் வைத்தார்கள். எஞ்சிய மகளுக்கு அப்போது வயது இரண்டு.