ரொட்டிக்குக் கடன் எழுதிய ஊர்த்தலைவர்

பொன்விழா மலர் என்றால் அதில் முன்னோடிகளின் படங்கள் இருக்கும், வாழ்த்துரைகள் இருக்கும், சங்கம் நடந்து வந்த பாதை இருக்கும். இம்மலரிலும் அவையெல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கிடையே நமக்கு ஊராலும் மார்க்கத்தாலும் உறவில்லாத ஒரு ஜெர்மானியரின் வரலாறு எதற்கு என்று வாசிக்கும் குடும்பத்தார் கேட்கக்கூடும். மலர்க்குழுவிலும் அந்தக் கேள்வி எழுந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். இம்மலருக்காகச் சங்கத்தின் பழைய ரசீதுப் புத்தகங்களைப் புரட்டினோம். ஐம்பது ஆண்டுகளிலும் நன்கொடைப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வருபவை ஒரு சில பெயர்களே. அந்தப் பெருமக்களுள் பலர் மவுத்தாகிவிட்டார்கள். அவர்களுடைய மக்களில் சிலர்தாம் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள். உதவி கேட்டு வரும் மனுக்களோ குறையவில்லை. கொடுப்பவர் ஒரு பக்கம், பெறுபவர் ஒரு பக்கம் என்று இருந்தால் சங்கம் எவ்வளவு காலம் ஓடும்? இதே கேள்வி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவருக்கு எழுந்தது. அவர்தாம் பிரெட்ரிக் வில்ஹெல்ம் ரெய்பீசன்.

ரெய்பீசன் 1818ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள், ஜெர்மனியின் சீக் ஆற்றங்கரையில் உள்ள ஹாம் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் ஏழாமவர். தந்தையார் சிறிது காலம் அவ்வூரின் தலைவராக இருந்தவர். வீட்டில் வசதி இல்லை. மேற்படிப்புக்கு அனுப்ப வழியில்லாததால் ஊர்ப் பாதிரியாரே பாடம் சொல்லிக் கொடுத்தார். 17ஆம் வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்தார். அங்கேயே உயர்ந்திருக்கலாம். ஆனால் கண்ணில் நோய் கண்டது. 1843இல் படையை விட்டு அரசு அலுவலுக்கு வந்தார். அந்தக் கண்நோய் பின்னர் வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை.

1845இல் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியிலுள்ள வையர்புஷ் வட்டாரத்துக்கு அவரை ஊர்த்தலைவராக நியமித்தார்கள். அப்போது வயது 27. இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் அவர் பொறுப்பில் வந்தன. மண் வளமில்லாதது, குளிர் கடுமையானது, சாலை கிடையாது. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோவதற்குள் பாதி லாபம் வழியிலேயே போய்விடும். அவர் முதலில் பள்ளிக்கூடம் கட்டினார். பிறகு ரைன் நதிப் பக்கம் போகும் சாலைக்கு அடிபோட்டார். அந்தச் சாலை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

அவர் பெயர் நிலைத்ததற்குக் காரணம் சாலையல்ல, ஒரு பஞ்சம். உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, தானிய விளைச்சலும் பொய்த்து, 1846ஆம் ஆண்டின் கடைசியில் மலைக் கிராமங்களில் பசி தலைவிரித்தது. அரசாங்கம் மாவு அனுப்பியது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது: கையில் காசு கொடுப்பவருக்கு மட்டுமே விற்க வேண்டும். காசு இருப்பவன் ஏன் பட்டினி கிடக்கிறான் என்று அந்த உத்தரவை எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலும். ரெய்பீசன் ஒரு குழுவைக் கூட்டி, காசில்லாதவர்களிடம் கடன் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு மாவைக் கொடுத்துவிட்டார். அரசு ஊழியர் ஒருவர், அதுவும் புதிதாக வேலைக்கு வந்தவர், மேலிடத்து உத்தரவை மீறிய செயல் அது. வேலை போயிருந்தால் கேட்பதற்கு ஆளில்லை.

மாவு தீர்ந்தது, பசி தீரவில்லை. ஊரில் வசதியுள்ளவர்களை வீடு வீடாகச் சென்று பார்த்தார். அவர்கள் போட்ட பணத்தில் தானியம் வாங்கி, ஊருக்குப் பொதுவாக ஓர் அடுப்புக்கூடம் கட்டி, அங்கேயே ரொட்டி சுட்டார்கள். சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலை, அதுவும் கடனுக்கு. வெறுங்கையோடு வந்தவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஆனால் பிச்சை வாங்கியவராகவும் திரும்பவில்லை. கணக்கில் அவர் பெயர் இருந்தது, அவர் கொடுக்க வேண்டிய தொகையும் இருந்தது. வசந்தம் வந்ததும் அதே சங்கம் விதைக்கிழங்கு வாங்கிக் கொடுத்தது. பெருநாளுக்கு முன் அரிசி மூட்டை கட்டிக் கொடுத்துப் பழகிய நம்மவர்களுக்கு அந்த அடுப்புக்கூடத்தின் பரபரப்பு புரியும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் மூட்டையைப் பெற்றுச் செல்பவரின் பெயரை நாம் மறைக்கிறோம், அவர் மானம் காக்கவேண்டி. அவர்கள் பெயரை எழுதினார்கள், அதுவும் மானம் காக்கவேண்டியே. இரண்டில் எது சரி என்று மலர்க்குழுவில் வெகுநேரம் பேசினோம், முடிவு ஏற்படவில்லை.

1848இல் பிளாமர்ஸ்பெல்ட் என்ற ஊருக்கு மாற்றப்பட்டார். அங்கே நோய் வேறு வடிவில் இருந்தது. விவசாயியிடம் மாடு இல்லை. மாட்டை வட்டிக்காரர் கொடுப்பார். உழைப்பு விவசாயியுடையது, தீனி விவசாயியுடையது, மாடும் கன்றும் வட்டிக்காரருடையவை. தவணை தவறினால் தொழுவம் மட்டுமல்ல, நிலமும் போய்விடும். இன்று நம் நாட்டில் ஆலோங்கிடம் சிக்கி வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் வாங்கிய குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1849ஆம் ஆண்டு டிசம்பரில் ரெய்பீசன் அங்கே ஓர் உதவிச் சங்கம் தொடங்கினார். வசதியுள்ளவர்கள் ஏறக்குறைய 60 பேர் சேர்ந்து, தங்கள் சொத்து முழுவதையும் பிணையாக வைத்துப் பணம் திரட்டினார்கள். அப்பணத்தில் சங்கம் மாடு வாங்கியது. விவசாயி ஐந்தாண்டுத் தவணையில் அதன் விலையைக் கட்டினார். கட்டி முடித்ததும் மாடு அவருடையது. பொருளை வாங்கித் தவணையில் கொடுக்கும் இம்முறை நம் ஃபிக்ஹு நூல்களுக்கும் புதிதன்று.

1852இல் மறுபடி மாற்றம். இப்போது நொய்வீட் நகரை அடுத்த ஹெடஸ்டார்ப். இங்கே அவர் 1854இல் தொடங்கிய சங்கத்தின் நோக்கங்களைப் பார்த்தால் எந்த நலச் சங்கத்தின் விதிப்புத்தகமும் நினைவுக்கு வரும். ஆதரவற்ற குழந்தைகளை வளர்ப்பது, வேலையில்லாதவர்களுக்கும் சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கும் வேலை தேடிக் கொடுப்பது, நூலகம் வைப்பது, ஏழை விவசாயிகளுக்குக் கடன் கொடுப்பது. நல்ல நோக்கங்கள். நல்ல மனிதர்கள். தொடக்கத்தில் நன்றாகவே நடந்தது.

பிறகுதான் அவர் எதிர்பாராதது நடந்தது. பணம் போட்டவர்கள் களைத்துப்போனார்கள். யாரும் சண்டை போடவில்லை, யாரும் பணத்தைச் சுருட்டவில்லை. கூட்டத்துக்கு வருவது குறைந்தது. அடுத்த ஆண்டு சந்தா வரவில்லை. இன்னொருவர் தம் சொத்தைப் பிணையில் வைத்திருப்பது குறித்து வீட்டில் பேச்சு எழுந்தது என்றார். ஒவ்வொரு பணியாகக் கைவிட்டுக் கடைசியில் கடன் கொடுக்கும் பணி மட்டும் எஞ்சியது. அதுவும் தள்ளாடியது.

ரெய்பீசன் ஆழ்ந்த மதப்பற்றுள்ள கிறிஸ்தவர். உள்ளவர் இல்லாதவருக்குக் கொடுப்பது இறைவனுக்குச் செய்யும் கடமை என்ற நம்பிக்கையில்தான் அவர் எல்லாவற்றையும் தொடங்கினார். அதே காலத்தில் ஹெர்மன் சூல்ஸ் என்ற இன்னொரு ஜெர்மானியர் நகரத்துக் கைவினைஞர்களிடையே சங்கங்கள் அமைத்துக்கொண்டிருந்தார். தர்மத்தால் சங்கம் நிலைக்காது, பெறுபவர்களே உறுப்பினராக வேண்டும் என்பது அவர் கட்சி. இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. ரெய்பீசன் எளிதில் இணங்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் தாம் நம்பிச் செய்ததைத் தவறென்று ஒத்துக்கொள்வது யாருக்கும் லேசானதன்று. ஆயினும் 1864இல் ஹெடஸ்டார்ப் சங்கத்தைக் கலைத்து, கடன் சங்கமாகத் திருத்தி அமைத்தார். இனி கடன் வேண்டுபவர் சங்கத்தில் சேர வேண்டும். கூட்டத்துக்கு வர வேண்டும். தம் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கும் கடனுக்குத் தாமும் பிணை நிற்க வேண்டும். நேற்றுவரை வாசலில் நின்றவர் இன்று பாயில் உட்கார்ந்து வாக்களிப்பவரானார். அவருடைய வாழ்வில் நம்மை மிகவும் கவர்ந்த நாள் இதுதான். பஞ்சகாலத்தில் உத்தரவை மீறிய துணிவைவிட, 46 வயதில் தம் வழியைத் தாமே திருத்திக்கொண்ட துணிவு பெரிதென்று தோன்றுகிறது.

புதிய சங்கத்தின் விதிகள் எளிமையானவை. ஒரு சங்கம் ஒரு திருச்சபை வட்டாரத்தைத் தாண்டக்கூடாது. ஒருவரையொருவர் முகம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். யாருக்குத் தேவை மெய், யாருக்குக் குடிப்பழக்கம் என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியும் அல்லவா? கடன் மாட்டுக்கோ விதைக்கோ போகலாம், ஆடம்பரத்துக்குப் போகக்கூடாது. நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. கணக்கருக்கு மட்டும் உண்டு. மிஞ்சும் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் பிரிக்க முடியாத பொது நிதியாகச் சேர்த்து வைக்க வேண்டும். இந்தக் கடைசி விதிக்காகச் சூல்ஸ் கட்சியாரோடு அவர் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் நம்மவர் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அச்சங்கங்கள் வட்டி வாங்கின. வட்டிக்காரர்களைவிட மிகக் குறைவு என்றாலும் வட்டி வட்டிதான். நமக்கு அது ஹராம். மலாயாவில் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது மலாய்க் கிராமங்களில் எழுந்த தயக்கமும் இதுவே. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்வது உறுப்பினர் முறையையும் பொது நிதியையும் ஊதியமில்லா உழைப்பையுமே. வட்டியை நீக்கிய பிறகும் இவை நிற்கின்றன. 1954இல் கூட்டுறவு வழியில் தோன்றிய பேங்க் ராக்யாட் இன்று இஸ்லாமிய முறையில் இயங்குவதை நாமே பார்க்கிறோம்.

அவருடைய வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனைவி எமிலி 1863இல் காலமானார். ஏழு குழந்தைகளில் மூவர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். தொற்றுக் காய்ச்சலால் உடல் நலிந்து, பார்வையும் மங்கி, 1865இல் 47 வயதிலேயே ரெய்பீசன் ஓய்வுபெற நேர்ந்தது. ஓய்வூதியம் குடும்பத்துக்குப் போதவில்லை. சுருட்டுத் தொழில் செய்து பார்த்தார். பிறகு திராட்சை மது வணிகம் நடத்தினார். நமக்கு ஆகாத தொழில்தான், ஆனால் வரலாறு என்று எழுதும்போது உள்ளதை மறைக்கலாகாது.

அப்போது அவருக்குக் கண்ணாக இருந்தவர் மூத்த மகள் அமாலி. வரும் கடிதங்களை வாசித்துக் காட்டினார். தந்தை சொல்லச் சொல்லப் பதில் எழுதினார். திருமணம் செய்துகொள்ளாமல் தந்தையின் பணியிலேயே காலத்தைக் கழித்தார். கடன் சங்கம் அமைக்கும் முறையை விளக்கி 1866இல் ரெய்பீசன் வெளியிட்ட நூல் அவர் வாழ்நாளிலேயே பல பதிப்புகள் கண்டது. முன்னட்டையில் ஒரு பெயர்தான். நம் சங்கத்தின் ஐம்பதாண்டு நிர்வாகிகள் பட்டியலை இம்மலரின் முன்பக்கங்களில் காணலாம். விருந்துகளுக்கு விடியும்வரை வெங்காயம் உரித்தவர்கள், மையித்து வீட்டுக்கு முதலில் ஓடியவர்கள், கணக்கைக் கணவருக்காகச் சரிபார்த்துக் கொடுத்தவர்கள் அப்பட்டியலில் இல்லை. அமாலியைப் பற்றி எழுதும்போதுதான் இது உறைத்தது.

நூலைப் படித்தவர்கள் தத்தம் ஊர்களில் சங்கம் தொடங்கினார்கள். 1888ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், எழுபதாம் பிறந்தநாளுக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது ரெய்பீசன் காலமானார். அதற்குள் ஜெர்மன் கிராமங்களில் நூற்றுக்கணக்கான சங்கங்கள் வந்துவிட்டன.

அடுத்து அவர் பெயர் கடல் கடந்தது. அங்கேதான் நம் முன்னோரின் மண்ணும் வருகிறது. கிராமத்துக் கடன் கொடுமைக்கு வழி காணச் சென்னை மாகாண அரசு பிரெட்ரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பிய முறைகளை ஆராயச் சொன்னது. கோயம்புத்தூர் மாவட்டத்தைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் இவர். 1895லும் 1897லும் அவர் கொடுத்த அறிக்கையின் சாரம், ரெய்பீசன் போன்ற ஒருவரைத் தேடிப்பிடியுங்கள் என்பதே. 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1922இல் மலாயாவிலும் சட்டம் வந்து, அஞ்சல் தந்தி ஊழியர்களின் சிக்கன நாணயச் சங்கம் முதலாவதாகப் பதிவானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும் இதே வம்சத்தைச் சேர்ந்தது. நம் மூத்தோரில் தோட்டத்துக் கடை வைத்திருந்தவர்களுக்கு அந்நாள்கள் நினைவிருக்கும்.

வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு விதித் திருத்தம் விவாதத்துக்கு வருகிறது. கல்வி உதவியும் மருத்துவ உதவியும் பெறும் குடும்பங்களை, மாதம் ஒரு சிறு சந்தாவுடன், வாக்குரிமையுள்ள உறுப்பினர்களாகச் சேர்ப்பது பற்றிய திருத்தம் அது. எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள்; கொடுத்த கையால் வாங்கலாமா என்பது அவர்கள் கேள்வி. தாய்மார்களும் பிள்ளைகளும் அன்று தவறாமல் வந்து அமரும்படி அழைக்கிறோம். அஸர் தொழுகைக்குப் பின் கூட்டம் தொடங்கும், தேநீர் உண்டு.