லாங்லி காலியர் சரித்திரம்

நியூயார்க் நகரத்து ஹார்லெம் பகுதியில், ஐந்தாம் அவென்யூவும் 128-ஆம் தெருவும் கூடும் மூலையில் முன்னாளில் மாளிகையொன்று இருந்தது. அதன் இலக்கம் 2078. அஃது இடிக்கப்பட்டு எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், பொருட்குவியலால் நுழைவரிதாய்க் கிடக்கும் எவ்வீட்டையும் அந்நகரத்துத் தீயணைப்பாளர் காலியர் மாளிகை என்றே வழங்குவர். இப்பெயர்க்கு உரியோர் ஹோமர், லாங்லி என்னும் உடன்பிறந்தார் இருவர். இளையவராகிய லாங்லியின் சரித்திரமே ஈண்டுக் கூறப்படுவது. அவரைப் பற்றி எழுதினோர் பலர் நகைச்சுவை தோன்றவே எழுதிச் சென்றனர். நகைத்தற்கு அதில் மிகுதியாக ஒன்றும் இல்லையென்பது எம் கருத்து.

லாங்லி 1885-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிறந்தார். தமையனார் நான்காண்டு மூத்தவர். தந்தையார் மகளிர் நோய் வைத்தியர். தாயார் இசைநாடக மேடையிற் பாடியவர். ஹோமர் சட்டங் கற்றுக் கப்பல் வழக்குகளில் தேர்ச்சி பெற்றார். லாங்லியோ பியானோ வாசிப்பதில் வல்லவர்; யந்திரங்களிலும் பெருவிருப்பினர். 1909-இல் குடும்பத்தார் ஹார்லெம் மாளிகையிற் குடிபுகுந்தனர். சில ஆண்டுகளிற் பெற்றோர் பிரிந்து வாழலாயினர். தந்தையார் 1923-லும் தாயார் 1929-லும் இறந்தனர். தந்தையாரின் வைத்தியக் கருவிகளும் நூல்களும் அம்மாளிகைக்கே வந்து சேர்ந்தன. மணஞ்செய்யாத மைந்தர் இருவரும் அவற்றுள் ஒன்றையும் கழித்திலர்.

1933-இல் ஹோமருடைய கண்கள் ஒளியிழந்தன. பின்னர் வாதநோயால் அவர் நடக்கவும் இயலாதவரானார். லாங்லி மருத்துவர் எவரையும் அழைத்திலர். கண்ணுக்கு ஓய்வும் தக்க உணவும் போதும் என நம்பி, வாரந்தோறும் நூறு கிச்சிலிப்பழங்களைத் தமையனார்க்கு ஊட்டிவந்தார். அவருக்கு நூல்களைப் படித்துக் காட்டினார். பியானோ வாசித்துக் கேட்பித்தார். இரவிலே வெளிப்போந்து நெடுந்தொலை நடந்து உணவு தேடிக் கொணர்வார். பகலில் அவரைக் கண்டார் சிலரே. தமையனார்க்குப் பார்வை மீளுங்கால், இடையிற் படிக்கத் தவறிய செய்திகளையெல்லாம் படிக்கவேண்டுமன்றோ? அதன்பொருட்டுச் சமாசாரப் பத்திரிகைகளை ஒன்றும் விடாது கட்டுக்கட்டாய்ச் சேர்த்துவைத்தார்.

ஊரார் இவர்களை உலோபிகள் என்றனர். வீட்டினுள் புதையல் உண்டெனப் பேசினர். சிறுவர் சன்னல்களிற் கல்லெறிந்தனர். கள்வர் புக முயன்றனர். லாங்லி அஞ்சிச் சன்னல்களைப் பலகையால் அடைத்து, குவியல்களூடே சுரங்க வழிகள் அமைத்து, அந்நியர் புகுந்தால் மேலே சரிந்து விழும்படி பொறிகளையும் இயற்றினார்.

இறந்தாரைச் சோதித்து நோய்க்குப் பெயரிடுதல் எவர்க்கும் அரிது. ஆயினும் இத்தகைய நடத்தையை இக்காலத்து மனநோய் நூலார் உலோபம் என்னார். நெடுங்காலம் வேறொரு நோயின் கூறாக எண்ணப்பட்ட இதனை, 2013-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநோய் வைத்திய சங்கத்தார் தம் நோய்ப் பட்டியலின் ஐந்தாம் பதிப்பில் தனி நோயாக வைத்தனர். பொருள் எத்துணை அற்பமாயினும் கழிக்க இயலாமை, கழிக்க முற்படுங்கால் நேரும் பெருந்துயர், அறைகள் தம் பயனை இழக்குமாறு நிறைதல் ஆகியவை அதன் குறிகள். இளமையில் அரும்பி ஆண்டு செல்லச்செல்ல முதிர்வது அது. குடும்பவழி வருவதும் உண்டு. உற்றாரை இழந்த துயரால் மிகுவதும் உண்டு. உலோபி பணத்தைக் காப்பான். இந்நோயுடையாரோ, இப்பொருள் ஒருநாட் பயன்படும், இஃது இறந்தவர் தொட்டது, இதனை எறிதல் துரோகம் என்று எண்ணியெண்ணி முடிவுகாணாது தவிப்பர். லாங்லியின் பத்திரிகைக் கட்டுகளை இவ்விளக்கத்தோடு வைத்துப் பார்க்க.

1942-இல் ஈட்டுக்கடன் நிலுவைக்காக வீட்டை மீட்கப் பாங்கியார் ஆட்களை ஏவினர். கதவை உடைத்தோர் உள்ளே குப்பைச்சுவரையே கண்டனர். லாங்லி 6,700 டாலருக்குக் காசோலை எழுதிக் கொடுத்துக் கடனை ஒருங்கே தீர்த்து, அனைவரையும் வெளியேறச் சொன்னார். அன்று வீடு முழுவதும் ஒழிக்கப்பட்டிருப்பினும் நோய் தீர்ந்திராது. வலிந்து ஒழித்த வீடு மீளவும் நிறைவதையும், நோயாளி பின்னர் எவரையும் நம்பாதொழிவதையும் வைத்தியர் பன்முறை கண்டிருக்கின்றனர். ராண்டி பிராஸ்ட், கெயில் ஸ்டெக்கெட்டி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வகுத்த சிகிச்சை முறை பொறுமையையே மூலமாகக் கொண்டது. அது பல மாதம் நீளும். சிகிச்சை செய்வோர் இல்லத்திற்கே சென்று ஒரு மேசை, ஒரு பெட்டி எனத் தொடங்குவர். ஒவ்வொரு பொருளையும் நோயாளியே கையிலெடுத்து, வைப்பதோ கழிப்பதோ தாமே தீர்மானிக்க வேண்டும். அவர் இசைவின்றிப் பிறர் எதையும் தொடார். கழித்தபின் எழும் துயரம் சிறிது சிறிதாகத் தணிவதை அவர் தாமே கண்டறிவார். புதியன சேர்க்காதிருக்கவும் பயிற்சி உண்டு. முற்றும் நலம் பெறுவோர் சிலரே. அடுப்பும் படுக்கையும் வாயிலும் மீண்டும் பயன்பட்டால் அதுவே பலர்க்கும் பெரும்பேறு. இவற்றுள் ஒன்றும் லாங்லியின் காலத்தில் இல்லை.

1947-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21-ஆம் நாள், அவ்வீட்டில் பிணம் கிடப்பதாகப் போலீஸாருக்கு ஒருவர் தெரிவித்தார். மேன்மாடச் சன்னல் வழியே புகுந்தோர் ஹோமர் இருந்தவாறே இறந்திருக்கக் கண்டனர். உணவின்மையும் இருதய நோயும் அவர் உயிரைக் கவர்ந்தன. லாங்லி தலைமறைவானார் என எண்ணிப் போலீஸார் பிற ஊர்களிலும் தேடினர். வீட்டைச் சிறிது சிறிதாக அகற்றிவந்தோர் ஏப்ரல் 8-ஆம் நாள் அவர் உடலைக் கண்டனர். தமையனார்க்கு உணவு கொண்டு சுரங்க வழியில் ஊர்ந்து வந்தவர், தாம் வைத்த பொறியே சரிய, அதன்கீழ் நசுங்கி முன்னரே இறந்திருந்தார். இருவர் உடல்களுக்கும் இடையே தூரம் ஏறக்குறைய பத்து அடி. காணாது உண்ணாது தம்பியின் வரவை நோக்கியிருந்த அம்மூத்தவரின் கடைசி நாட்களை எண்ண நெஞ்சம் துணியவில்லை.

வீட்டினின்று அகற்றிய பொருள்களின் நிறை 120 டன்னுக்கும் மேல். பதினான்கு பியானோக்கள், ஆயிரக்கணக்கான நூல்கள், ஒரு பழைய மோட்டார் வண்டியின் உறுப்புகள், தந்தையாரின் வைத்தியப் பண்டங்கள் எல்லாம் அவற்றுள் அடங்கும். அவ்வாண்டிலேயே மாளிகையும் இடிக்கப்பட்டது. அம்மூலையில் இப்பொழுது ஒரு சிறு பூங்கா இருக்கின்றது. அதற்கு இடப்பட்ட பெயர் காலியர் சகோதரர் பூங்கா.