ஒரு மந்திரி நகர்ந்ததால்...

எனக்குப் பிடித்த செஸ் வீரர் மிகைல் சிகோரின். 1850-இல் ரஷ்யாவில் பிறந்தார். 1892-இல் கியூபாவின் ஹவானா நகரில் உலகப் பட்டத்துக்காக ஸ்டீனிட்ஸுடன் மோதினார். 23-ஆவது ஆட்டம். ஜெயித்தால் இருவரும் சமம். சிகோரினிடம் ஒரு காய் அதிகம் இருந்தது!

அவருடைய ராஜாவின் முன்னால் நின்ற சிப்பாய்க்கு மந்திரிதான் காவல். அதை மறந்து மந்திரியை நகர்த்திட்டார். ஸ்டீனிட்ஸின் யானை சிப்பாயை வெட்டி செக் வைத்தது. அடுத்து மேட்தான். தோல்வியை ஒப்புக்கொண்டார். பட்டம் போச்சு.

ஆனாலும் அவர் செஸ்ஸை விடலை. 1895-இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தார். 1908-இல் மறைந்தார்.

கணக்குப் பரீட்சையில் கடைசி வரியில் கழித்தல் குறியை விட்டுட்டு நான் அழுதப்போ இவரைத்தான் நினைச்சேன். ஜெயிக்கிற நேரத்தில்தான் நல்லாப் பார்க்கணும், தோழிகளே!

– 9-ஆம் வகுப்பு மாணவி