செர்ரி மலரைப் பாடிய இளைஞர் – ரென்தாரோ தாக்கி

முன்னுரை

ஒரு நாட்டு மக்களின் உள்ளத்தை அறிய விழைவோர் அவர்தம் பாடல்களை அறிதல் வேண்டும். ஜப்பானிய மக்கள் 'சக்குரா' என வழங்கும் செர்ரி மலர், டோக்கியோ போன்ற நகரங்களில் மார்ச் இறுதியில் மலர்ந்து, முழுமையாகப் பூத்த ஒரு வாரத்திற்குள் உதிரத் தொடங்கிவிடுகிறது. அந்நாட்டில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் நிறைவுறுகிறது. ஆதலின் மலர் பூக்கும் பருவமே மாணவர் பள்ளியை நீங்கும் பருவமாகவும், புதியோர் வந்து சேரும் பருவமாகவும் அமைந்துவிட்டது. சக்குராவைப் பாடுதல் பிரிவைப் பாடுதலாக ஆனமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

நவோதாரோ மொரியாமா 2003ஆம் ஆண்டிலும், கொபுக்குரோ இசையிணையர் 2005ஆம் ஆண்டிலும் வெளியிட்ட சக்குராப் பாடல்கள் ஜப்பான் முழுவதும் பரவின. இவற்றிற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே செர்ரி மலருக்கு அழியாததோர் இசையைத் தந்து, இருபத்து மூன்று வயதில் மறைந்த இளைஞர் ஒருவர் உண்டு. அவரே ரென்தாரோ தாக்கி. அவர்தம் வாழ்வை ஈண்டு நாம் சுருங்கக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ரென்தாரோ 1879ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாள் டோக்கியோவில் பிறந்தார். தாக்கி என்பது குடும்பப் பெயர். அவர்தம் முன்னோர், கியூஷு தீவிலுள்ள ஹிஜி என்னும் சிற்றரசில் உயர்பதவி வகித்தவர்கள். தந்தையார் உள்நாட்டு அமைச்சகத்தில் பணியாற்றிப் பின்னர் வட்டார அதிகாரியாக ஊர்தோறும் மாற்றலாகிச் சென்றவர். அதனால் யோகோஹாமா, தொயாமா, ஓயித்தா, தாக்கெத்தா எனப் பல ஊர்களில் ரென்தாரோவின் இளமை கழிந்தது. ஓர் ஊரில் நண்பர்களைப் பெறுவதும் அவர்களைப் பிரிவதும் அவருக்குச் சிறு வயதிலேயே பழகிப்போயின.

தாக்கெத்தா நகரையொட்டிய மலைமேல் ஒக்கா என்னும் கோட்டை இருந்தது. மெய்ஜி ஆட்சியின் தொடக்கத்தில் அதன் கட்டடங்கள் இடிக்கப்பட்டு, கற்சுவர்களே எஞ்சி நின்றன. அச்சுவர்களைக் கண்டு வளர்ந்த சிறுவனின் உள்ளத்தில் அக்காட்சி ஆழப் பதிந்தது.

கல்வி

1894ஆம் ஆண்டு, தம் பதினைந்தாம் வயதில், டோக்கியோவின் உவேனோ பகுதியிலிருந்த டோக்கியோ இசைப் பள்ளியில் ரென்தாரோ சேர்ந்தார். 1898ஆம் ஆண்டு அங்குப் பட்டம் பெற்று, மேற்படிப்பைத் தொடர்ந்தார். பியானோ வாசிப்பிலும் இசையமைப்பிலும் அவர் சிறந்து விளங்கினார்.

அக்காலப் பள்ளிப் பாடல்களின் நிலையை இங்கு நாம் நினைவுகூர்தல் வேண்டும். 1880களில் ஜப்பானிய அரசு பள்ளிகளில் இசைக்கல்வியைப் புகுத்தியபோது, மேலைநாட்டு மெட்டுகளை எடுத்து அவற்றிற்கு ஜப்பானியச் சொற்களைப் பொருத்தும் முறையே பெரிதும் கையாளப்பட்டது. பட்டமளிப்பு நாளில் பாடப்பெற்று வரும் 'ஹொத்தாரு நொ ஹிக்காரி' என்னும் பிரிவுப்பாடலின் மெட்டும் ஸ்காட்லாந்து நாட்டுக்கு உரியதே. பிறமொழிக்கென எழுந்த மெட்டில் தாய்மொழிச் சொற்களை அடைக்கும்போது, சொல்லின் இயல்பான ஓசையும் ஏற்ற இறக்கமும் சிதைவுறுகின்றன. மொழி பயிற்றும் நாம் இதனை எளிதில் உணர்வோம். இக்குறையை அந்த இளைஞரும் உணர்ந்தார். ஜப்பானியச் சொல்லுக்கு ஜப்பானியரே இசையமைத்தல் வேண்டும் என்பதைத் தம் கடமையாகக் கொண்டார்.

மலரும் நிலவும்

1900ஆம் ஆண்டு ரென்தாரோ 'ஷிக்கி' என்னும் பாடல் தொகுதியை வெளியிட்டார். 'நான்கு பருவங்கள்' என்பது அதன் பொருள். இளவேனிலுக்கு உரிய முதற்பாடலே 'ஹானா'. 'மலர்' எனப் பொருள்படும் இப்பாடலின் சொற்கள் ஹகொரொமோ தக்கெஷிமா என்னும் கவிஞருடையவை. டோக்கியோவில் ஓடும் சுமிதா ஆற்றின் கரையில் பூத்து நிற்கும் செர்ரி மரங்களையும், ஆற்றில் படகு செலுத்துவோரையும் அது காட்டுகிறது. இரு குரல்கள் இணைந்து பாடுமாறும், பியானோ உடன் ஒலிக்குமாறும் அவர் அதனை அமைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

மறு ஆண்டு இசைப்பள்ளி, நடுநிலைப்பள்ளி மாணவர்க்கெனப் பாடல் நூல் ஒன்றைத் தொகுத்தது. அதற்கென பான்சுய் தோய் என்னும் கவிஞர் எழுதிய 'கோஜோ நொ த்சுக்கி' என்ற பாடலுக்கு ரென்தாரோ இசையமைத்தார். பாழடைந்த கோட்டையின்மேல் ஒளிரும் நிலவைப் பற்றியது அப்பாடல். அதன் தொடக்கமும் இளவேனில் மலர்விருந்தே. கவிஞர் வடகிழக்கு ஜப்பானின் கோட்டைகளை எண்ணி எழுத, இசையமைப்பாளரோ தாம் சிறுவயதில் கண்ட ஒக்காக் கோட்டையை எண்ணினார் என்பர். ஒருவரையொருவர் காணாத இருவரின் நினைவுகள் ஒரே பாடலில் கலந்தன.

1901ஆம் ஆண்டிலேயே மழலையர்க்கான பாடல் நூல் ஒன்றும் வெளிவந்தது. பள்ளிப்பாடல்கள் சிறுவர்க்கு விளங்காத பழஞ்சொற்களில் இருந்த காலம் அது. குமே ஹிகாஷி என்னும் பெண் கவிஞர், குழந்தைகள் நாள்தோறும் பேசும் மொழியிலேயே எழுதிய பாடல்களுக்கு ரென்தாரோ இசை தந்தார். புத்தாண்டு வரவை எதிர்நோக்கும் 'ஓஷோகத்சு' அவற்றுள் ஒன்று. ஜப்பானியக் குழந்தைகள் அதனை இன்றும் பாடுகின்றனர்.

அயல்நாட்டுப் பயணமும் நோயும்

1901ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசின் உதவியோடு ரென்தாரோ ஜெர்மனிக்குப் புறப்பட்டார். அவ்வாண்டு அக்டோபரில் லைப்சிக் நகரின் புகழ்மிக்க இசைக்கல்லூரியில் சேர்ந்தார். ஆயின் இரு திங்கள் கழியுமுன்னரே நோய் அவரைப் பற்றியது. அது காசநோய் எனத் தெரிந்தது. அந்நோயின் கிருமியை ராபர்ட் கோக் என்பார் 1882ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் கண்டறிந்து அறிவித்திருந்தார். எனினும் அதனைத் தீர்க்கும் ஸ்டிரெப்டோமைசின் மருந்து கிடைக்க 1943ஆம் ஆண்டுவரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1902ஆம் ஆண்டு கோடையில் அவர் தாயகம் திரும்பக் கப்பலேறினார். கப்பல் இலண்டனுக்கு அருகிலுள்ள டில்பரித் துறைமுகத்தில் நின்றபோது, ஐரோப்பாவில் இருந்த கவிஞர் பான்சுய் தோய் அவரைக் காண வந்தார். கோட்டை நிலவைப் பாடிய கவிஞரும் அதற்கு இசை தந்தவரும் முதன்முறையாகச் சந்தித்தனர். அதுவே இறுதிச் சந்திப்பும் ஆயிற்று.

ஓயித்தாவில் பெற்றோருடன் தங்கிய ரென்தாரோ நோயிடையிலும் இசையெழுதுவதை விட்டாரல்லர். 1903ஆம் ஆண்டில் அவர் இயற்றிய இறுதிப் பியானோப் படைப்பின் பெயர் 'உராமி'. ஆறாத மனக்குறை என்னும் பொருளது அச்சொல். அவ்வாண்டு ஜூன் 29ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். தொற்று அச்சத்தால் அவர்தம் கையெழுத்துப் படிகள் பல எரிக்கப்பட்டன என்பர்.

முடிவுரை

இவ்வளவில் மறைந்தாரை மலர்போல் உதிர்ந்தார் எனப் புகழ்தல் எளிது. ஆயினும் நாம் அவ்வாறு கூறத் தயங்குகிறோம். பிற்காலத்தில் போர்வெறி கொண்ட ஆட்சியாளர்கள், செர்ரி மலர்போல் உதிர்வதே அழகென்று கூறி எண்ணற்ற இளைஞரைச் சாவுக்கு அனுப்பினர். இளமையில் வரும் சாவு அழகன்று. அது பெற்றோர்க்குத் துயரம், நாட்டிற்கு இழப்பு. தம் இறுதிப் படைப்பிற்கு அவர் இட்ட பெயரே அவர் வாழ விரும்பினார் என்பதற்குச் சான்று. இறைவன் அளித்த ஆயுள் எத்துணைச் சிறிதாயினும் அதனை உழைப்பால் நிரப்பினார் என்பதே அவர்தம் சிறப்பு.

பிறர் கலையை முயன்று கற்றார். கற்றதனைத் தம் தாய்மொழிக்கே பயன்படுத்தினார். அறிஞர்க்குக் கோட்டை நிலவையும், மழலையர்க்குப் புத்தாண்டுப் பாடலையும் ஒருங்கே தந்தார். தாக்கெத்தாவில் அவருடன் ஒரே பள்ளியில் பயின்ற ஃபுமியோ அசகுரா பின்னாளில் பெருஞ்சிற்பியாகி, 1950ஆம் ஆண்டு ஒக்காக் கோட்டையில் அவருக்குச் சிலை வடித்தார். தாக்கெத்தா நிலையத்தில் தொடர்வண்டி வந்து நிற்கும்போது கோட்டை நிலவின் இசையே பயணிகளை வரவேற்கிறது.

இம்மலரைக் கையிலேந்திக் கல்லூரியை நீங்கும் மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விழைவது ஒன்றே. கற்றதனை உங்கள் மொழிக்கும் மக்களுக்கும் திருப்பித் தருக. அதற்கு ரென்தாரோவுக்குக் கிட்டாத நீண்ட ஆயுளை இறைவன் உங்களுக்கு அருள்வானாக.