19 வயசு அக்கா, 8 வயசு தங்கை... நடுவில் ஒரு சிம்மாசனம்!

மாமல்லபுரம் பீச்ல செல்ஃபி எடுத்துட்டு, திருக்கழுக்குன்றம் வழியா செங்கல்பட்டு வந்து ரயில் ஏறியிருக்கீங்களா? ஜன்னல்ல கொளவாய் ஏரி தெரிஞ்சிருக்குமே... இந்த ஊருக்குத்தான் 200 வருஷங்களுக்கு முன்னாடி, திருவிதாங்கூர் அரியணைக்கு உரிமை கொண்டாடிய இளவரசர் ஒருவர் நாடு கடத்தப்பட்டார். இங்கேயே இறந்தும் போனார். பெயர், கேரள வர்மா.

கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் தள்ளி அவரைக் கொண்டுவந்து வைக்க என்ன காரணம்? ஒரு அக்கா, ஒரு தங்கை!

அக்கா கௌரி லட்சுமிபாய், 1791-ல் பிறந்தவர். தங்கை கௌரி பார்வதிபாய், 1802-ல் பிறந்தவர். இன்றைய தென் கேரளமும் கன்னியாகுமரி மாவட்டமும் சேர்ந்ததுதான் அன்றைய திருவிதாங்கூர். அங்கே ராஜாவின் மகனுக்குப் பட்டம் கிடையாது. சகோதரியின் பிள்ளைக்குத்தான். நாஞ்சில் நாட்டுப் பக்கம் இதை 'மருமக்கள்வழி'னு சொல்வாங்க.

1810-ல் மன்னர் பலராம வர்மா இறந்தபோது, அந்த வழியில் ஓர் ஆண் வாரிசுகூட இல்லை. மாவேலிக்கரை கிளையைச் சேர்ந்த கேரள வர்மா, 'நான்தான் இளையராஜா' என்று வந்து நின்றார். அவர் கண்ணில் இந்த ரெண்டு பெண்களும் யார்? வழியில் நிற்கும் தடை. அக்காவுக்கு வயசு 19. தங்கைக்கு 8.

வெளியேயும் ஆபத்து இருந்தது. முந்தின வருஷம்தான் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியைக் கிழக்கிந்திய கம்பெனி அடக்கியிருந்தது. வருஷத்துக்கு 8 லட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கட்டணும், அதிலும் பாக்கி.

கம்பெனியின் ரெசிடென்ட் கர்னல் மன்றோ ரெண்டு தரப்பையும் விசாரித்து, லட்சுமிபாய்க்கே உரிமை என்றார். கேரள வர்மா முதலில் தலச்சேரிக்கும், பிறகு செங்கல்பட்டுக்கும் அனுப்பப்பட்டார்.

உதவி சும்மா கிடைக்குமா? 1811-ல் திவான் உம்மிணித்தம்பி நீக்கப்பட, மன்றோவே திவான் ஆனார். நாட்டின் நிர்வாகம் கம்பெனிக்காரர் கைக்குப் போனது. ஆனாலும் ராணி வெறும் பொம்மையாக இருந்துவிடவில்லை. 1812-ல் அடிமைகளை வாங்கி விற்பதைத் தடைசெய்து ஆணை போட்டார். வயலோடு கட்டிப்போடப்பட்டிருந்த மக்களுக்கு அது விடுதலை தரலைங்கிறதையும் சொல்லியாகணும்.

1813 ஏப்ரலில் ஆண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே ராஜா! சில மாதக் கைக்குழந்தையை தர்பாருக்குத் தூக்கி வந்து, மன்றோ முன்னிலையில் கம்பெனியின் பாதுகாப்பில் ஒப்படைத்தார் அம்மா. உள்ளே எத்தனை பயம் இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அடுத்த வருஷம் இன்னொரு மகன். 1815-ல் லட்சுமிபாய் இறந்துபோனார்.

இப்போ தங்கையின் முறை. 13 வயசு பார்வதிபாய், அக்கா பிள்ளைக்காக ஆட்சியைக் கையில் எடுத்தார். மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கணும் என்று 1817-ல் உத்தரவிட்டார். 14 வருஷம் ஆண்டபின், 1829-ல் 16 வயது அக்கா மகனிடம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்.

அந்தப் பையன்தான் சுவாதித் திருநாள். மார்கழி கச்சேரிகளில் இன்னிக்கும் பாடுறாங்களே... அதே சுவாதித் திருநாள்! அடுத்த முறை அவர் கீர்த்தனை காதில் விழுந்தா, அவருக்காகச் சிம்மாசனத்தைக் காத்து வெச்ச அம்மாவையும் சித்தியையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.