பைண்டிங் கடையில் உருவான விஞ்ஞானி

மின்சாரம் என்றாலே மைக்கேல் ஃபாரடே ஞாபகம் வரும். பென்சீனைக் கண்டுபிடித்ததும் இவர்தான்!

1791-ல் லண்டன் அருகே பிறந்தார். அப்பா கொல்லர். வீட்டில் ரொம்பக் கஷ்டம். 14 வயதில், அதாவது நம்ம வயசில், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். அட்டை போட வந்த புத்தகங்களைப் படித்தார். ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் புத்தகம்தான் அவருக்கு வேதியியல் மேல் ஆசையை உண்டாக்கியது.

1812-ல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். தானே பைண்டு செய்து அவருக்கே அனுப்பினார். 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது.

அப்போது விளக்கெரிக்க எண்ணெயிலிருந்து வாயு தயாரித்தார்கள். அதை அழுத்தி அடைக்கும்போது ஒரு திரவம் தங்கும். 1825-ல் ஃபாரடே அதைக் காய்ச்சி வடித்து, குளிர வைத்து, பென்சீனைப் பிரித்தார். அதில் கார்பன் 6, ஹைட்ரஜனும் 6தான். 6 கார்பன் உள்ள ஹெக்சேனிலோ 14 ஹைட்ரஜன்! அதனால் பென்சீன் நிறைவுறாதது. இரட்டைப் பிணைப்புள்ள அதன் வளைய வடிவத்தை 1865-ல் கெக்குலே சொன்னார். 1867-ல் ஃபாரடே மறைந்தார்.

தோழிகளே, தோழர்களே! அடுத்தவர் புத்தகத்தைப் படித்தே அவர் விஞ்ஞானி ஆனார். நம்ம நூலகப் பீரோவிலும் புத்தகம் இருக்கு. கேட்டு வாங்கிப் படிப்போம்!